முன்னுரையா, முகவுரையா, அணிந்துரையா? நூலின் முகப்பில் எதற்கு எந்தப் பெயர்

கேள்வி இது: முதல் நூல் அச்சுக்குப் போகிறது. ஆசிரியர் எழுதியது ஒன்று, பேராசிரியர் ஒருவர் எழுதித் தந்தது ஒன்று, பதிப்பகத்தார் எழுதியது ஒன்று என மூன்று உரைகள் கையில் இருக்கின்றன. முன்னுரை, முகவுரை, அணிந்துரை, பதிப்புரை என்ற பெயர்களில் எதை எதற்கு வைப்பது, எந்த வரிசையில் அடுக்குவது, வெளியீட்டு விழா அழைப்பிதழில் எந்தப் பேச்சுக்கு என்ன பெயர் போடுவது?

முதலில் நேரடியான பதில். பேராசிரியர் எழுதியது அணிந்துரை. பதிப்பகத்தார் எழுதியது பதிப்புரை. நீங்கள் எழுதியதற்கு 'என்னுரை' என்றோ 'முன்னுரை' என்றோ பெயர் வைக்கலாம். நூலில் வேறு யாருடைய முன்னுரையும் இருந்தால் உங்களுடையது கட்டாயம் 'என்னுரை' அல்லது 'ஆசிரியர் உரை' ஆகிவிட வேண்டும். இல்லையென்றால் பொருளடக்கத்தைப் பார்ப்பவருக்கு யார் பேசுகிறார் என்றே தெரியாது. இன்றைய வழக்கில் இந்தப் பெயர்களைப் பிரிப்பது உரை எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது அல்ல, அதை யார் எழுதினார் என்பதுதான்.

பழைய இலக்கணத்தில் இப்படி இல்லை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலக்கண நூலான நன்னூல், பாயிரத்தில்தான், அதாவது நூலுக்கு முன்னால் நிற்கும் உரையில்தான், தொடங்குகிறது. அதன் முதல் நூற்பாவே இந்தப் பெயர்களின் பட்டியல்: 'முகவுரை பதிகம் அணிந்துரை நூன்முகம் புறவுரை தந்துரை புனைந்துரை பாயிரம்'. எட்டும் ஒரே பொருளுக்கு எட்டுப் பெயர்கள். உரைகாரர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர்க் காரணம் சொன்னார்கள். நூலுக்கு முன்னால் சொல்லப்படுவதால் முகவுரை; நூலுக்கு முகம்போல நிற்பதால் நூன்முகம்; நூலின் பெருமையை அலங்கரித்துச் சொல்வதால் அணிந்துரை, புனைந்துரை; நூலுக்குள் இல்லாத செய்திகளைச் சொல்வதால் புறவுரை; அப்படி வெளியிலிருந்து கொண்டுவருவதை நூலுக்கு இயையத் தந்து சொல்வதால் தந்துரை. ஆகவே பழைய நூல் ஒன்றில் முகவுரை என்றும் இன்னொன்றில் நூன்முகம் என்றும் பார்த்துவிட்டு இரண்டுக்கும் நுட்பமான வேறுபாடு தேட வேண்டியதில்லை. வேறுபாடு அச்சு வந்தபிறகு, பதிப்புத் தொழிலின் தேவையால் மெல்ல மெல்ல உருவானது.

ஆனால் யார் எழுதலாம் என்ற கேள்வி நன்னூலிலேயே இருக்கிறது. பாயிரத்தை அது பொது, சிறப்பு என்று இரண்டாக்குகிறது. பொதுப்பாயிரம் எல்லா நூலுக்கும் பொருந்துவது: நூல் என்றால் என்ன, ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும், மாணவர் எப்படி இருக்க வேண்டும், எப்படிக் கற்க வேண்டும் என ஐந்து செய்திகள். சிறப்புப்பாயிரம் குறிப்பிட்ட ஒரு நூலுக்கு மட்டும் உரியது. இந்தச் சிறப்புப்பாயிரத்தை ஆசிரியரே எழுதிக்கொள்ளக் கூடாது. தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகிய நால்வருக்கே அந்த உரிமை. காரணம், 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே'. இதுவரை இல்லாத ஒன்றைப் படைத்து முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது நூற்பா. (அதற்கு நான்கு விலக்குகளும் உண்டு: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்களிடையே, அவையில் வாதம் வெல்லவேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. நூலின் பின்னட்டைக் குறிப்பு இவற்றில் எதற்குள்ளும் வராது.)

இந்த விதிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு தொல்காப்பியம். 'வடவேங்கடம் தென்குமரி' என்று தொடங்கும் வரிகள் தொல்காப்பியருடையவை அல்ல. அவருடன் படித்தவராகச் சொல்லப்படும் பனம்பாரனார் எழுதிய சிறப்புப்பாயிரம் அது. அந்தப் பாயிரம் எவ்வளவு கனமானது என்றால், 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதற்கும் முதல் நூற்பாவுக்கும் மட்டுமாக ஒரு விருத்தியுரை, அதாவது மிக விரிவான உரை, எழுதினார்.

அணிந்துரையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கும் எவருக்கும் இன்றைக்கும் தரக்கூடிய சிறந்த பட்டியல் நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்குச் சொல்லும் எட்டுதான். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக்குவோரும் உண்டு என்று நன்னூலே சொல்கிறது. பனம்பாரனாரின் சில வரிகளுக்குள் இவை எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லை: வேங்கடம் முதல் குமரி வரை. வழி: முந்துநூல் கண்டு. பொருள்: எழுத்தும் சொல்லும் பொருளும். களம்: நிலந்தரு திருவின் பாண்டியன் அவை. கேட்டவர்: அதங்கோட்டு ஆசான். புகழ்ச்சி ஓரிரு அடைமொழிகளோடு நின்றுவிடுகிறது. மற்ற அத்தனையும் தகவல்.

இதை இன்றைய நூலுக்கு மாற்றிக்கொள்வது எளிது. 'வழி' என்றால் இது மூல நூலா, வேறொன்றைப் பின்பற்றியதா, எந்த மரபில் வருகிறது என்பது. 'யாப்பு' என்று இங்கே சொல்வது செய்யுள் இலக்கணத்தை அல்ல. நூல் ஆக்கப்பட்ட முறையை. தொகுத்தது, விரித்தது, இரண்டும் சேர்ந்தது, மொழிபெயர்த்தது என நான்கு. கதைத் தொகுப்பு என்றால் இதழ்களில் வந்தவற்றின் தொகுப்பா, நூலுக்கென்றே எழுதியவையா என்று சொல்வது யாப்பைச் சொல்வதுதான். 'எல்லை' பழைய பொருளில் நூல் வழங்கும் நிலப்பரப்பு. ஆய்வேடுகளில் அது ஆய்வின் வரம்பு என்று மாறிவிட்டது. 'கேட்போர்' யாருக்காக எழுதப்பட்டது என்பது. பெரும்பாலான அணிந்துரைகள் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான். நூலை வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு முதலில் தேவைப்படுவதும் அதுவே.

இனி ஒவ்வொரு பெயரும் இன்று எப்படிப் புழங்குகிறது என்பது.

முன்னுரை பொதுப்பெயர். யாரும் எழுதலாம். பள்ளிக் கட்டுரையின் முதல் பத்தியும் முன்னுரைதான், ஆய்வேட்டின் முதல் பகுதியும் முன்னுரைதான். மறுபதிப்புகளில் 'இரண்டாம் பதிப்பின் முன்னுரை' என்று எண்ணோடு வரக்கூடியதும் இதுவே. 'இரண்டாம் பதிப்பின் அணிந்துரை' என்று எழுதும் வழக்கம் மிக அரிது. பதிப்புக்குப் பதிப்பு எதைத் திருத்தினோம் என்று சொல்லவேண்டியவர் ஆசிரியர்தானே.

முகவுரை கொஞ்சம் பழைய வாடை உள்ள சொல். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) முதலிய பதிப்புகளில் எழுதிய முகவுரைகள் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி எடையைக் கொடுத்துவிட்டன. ஏட்டுப்பிரதிகள் எங்கிருந்து, யாரிடமிருந்து கிடைத்தன, ஏட்டுக்கு ஏடு வேறுபடும் சொற்களில் சரியான பாடம் எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதையெல்லாம் அவர் அங்கேதான் சொன்னார். அதனால் பழைய நூலைப் பதிப்பிப்பவர் 'முகவுரை' என்று போட்டால் பொருத்தமாக இருக்கும். புதுக்கவிதைத் தொகுப்புக்குப் போட்டால் தவறில்லை, ஆனால் வேட்டிக்கு மேல் கோட்டு போட்டதுபோல் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் தொடக்கப் பகுதிக்கு முகவுரை, முகப்புரை என்ற இரண்டு சொற்களும் வழக்கில் இருக்கின்றன. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அணிந்துரை இன்னொருவர் எழுதுவது, அதுவும் துறையில் பெயர்பெற்ற ஒருவர். தன் நூலுக்குத் தானே எழுதியதை 'அணிந்துரை' என்று தலைப்பிட்டு அச்சிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. பொருளடக்கத்தில் பெயரில்லாமல் 'அணிந்துரை' என்று மட்டும் போடுவது அதற்கு அடுத்த பிழை. எழுதியவர் பெயர் தலைப்போடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

பதிப்புரையில் ஒரு குழப்பம் உண்டு. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகைக்கும் (1887) பிற நூல்களுக்கும் எழுதிய பதிப்புரைகள் பதிப்பாசிரியரின் உரைகள். சுவடிகளை ஒப்பிட்டுச் சீர்செய்தவரின் குரல் அது. இன்றைய நூல்களில் பதிப்புரை என்றால் பதிப்பகத்தின் குரல். தொகுப்பு நூலில் பதிப்பாசிரியரும் இருக்கிறார், பதிப்பகமும் எழுதுகிறது என்றால் 'பதிப்பாசிரியர் உரை', 'பதிப்பாளர் உரை' என்று பிரித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு நூலானால் 'மொழிபெயர்ப்பாளர் உரை' தனியாக வேண்டும். எந்த மொழிப் பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது, எந்தச் சொற்களை அப்படியே விட்டார் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

வாழ்த்துரை நூலைப் பற்றியது அல்ல, ஆசிரியரைப் பற்றியது. ஆசியுரை அதன் உறவு; மடாதிபதிகள், சமயத் தலைவர்கள் தருவது. மதிப்புரை நூல் வெளிவந்தபிறகு இதழ்களில் வருவது. முதல் பதிப்பின் முன்பக்கத்தில் அதற்கு இடமே இல்லை, மறுபதிப்பில் வேண்டுமானால் சேர்க்கலாம்.

வாழ்த்துரைக் கூட்டம் இன்று தோன்றியது என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களைப் புரட்டினால் முன்னாலோ பின்னாலோ சாற்றுகவிகள், அதாவது நூலைப் பாராட்டும் பாட்டுகள், அடுக்கடுக்காக நிற்கும். புலவர்கள் பலரிடம் பாட்டு வாங்கிச் சேர்ப்பது நூலுக்குச் சான்றிதழ் வாங்குவது போன்ற ஏற்பாடு. இன்றைக்கு அந்தச் சான்றிதழ் வேலையைச் செய்ய ஓர் அணிந்துரை போதும். 120 பக்க நூலுக்கு ஐந்து வாழ்த்துரை வைத்தால் வாசகர் ஐந்தையும் தாண்டிப் போவார், அவற்றோடு சேர்த்து உங்கள் என்னுரையையும்.

பதிகம் என்ற சொல்லை மட்டும் இன்றைய நூலில் தொடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் பதிகம் நூலின் முன்னால் நிற்கிறது. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் வருகிறது. பாடியவர், பாடப்பட்ட அரசன், பெற்ற பரிசு எல்லாம் அதில் இருக்கும். தேவாரத்தில் பதிகம் என்றால் பத்துப் பாடல் அளவிலான பாட்டுத்தொகுதி. மூன்றும் மூன்று பொருள்.

செய்யுள் நூல் எழுதுகிறவர்களுக்கு இன்னும் சில சொற்கள் வேண்டியிருக்கும். காப்பு, நூல் இடையூறின்றி முடியவேண்டும் என்று தொடக்கத்தில் பாடும் பாட்டு. பிள்ளைத்தமிழில் காப்பு ஒரு பருவமாகவே இருக்கிறது. கடவுள் வாழ்த்து அதற்கு அடுத்தது. நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகிய ஐந்துக்கும் கடவுள் வாழ்த்துப் பாடியவர் பாரதம் பாடிய பெருந்தேவனார்; தொகை நூலாதலால் பிற்காலத்தவர் ஒருவர் முன்னால் சேர்த்தது அது. அவையடக்கம், கற்றோர் முன் தன் பணிவைச் சொல்லி ஆசிரியரே பாடுவது. பாற்கடலை முழுதும் நக்கிவிடப் புகுந்த பூனையோடு கம்பர் தன்னை ஒப்பிட்டது இந்த வகை. இன்றைய 'என்னுரை' செய்வது பெரும்பாலும் அவையடக்கத்தின் வேலைதான், ஆனால் பணிவை ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'எனக்கு எழுதவே தெரியாது' என்று இரண்டு பக்கம் போனால் வாசகர் நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. வைணவத்தில் பிரபந்தங்களுக்கு முன் ஓதும் தனியன்கள் மறுபடியும் பிறர் பாடியவை. நூலைப் புகழ்வது பிறர் வேலை என்ற மரபு அங்கும் மாறவில்லை.

சரி, பக்க வரிசை. பெரும்பாலான பதிப்பகங்களில் செல்லுபடியாகும் ஒரு வரிசை: நூற்பெயர்ப் பக்கம், அதன் பின்பக்கத்தில் பதிப்பு விவரம், காணிக்கை (சமர்ப்பணம், படையல் என்றும் போடுவர்), பதிப்புரை, அணிந்துரை, என்னுரை, நன்றி, பொருளடக்கம், பிறகு நூல். பொருளடக்கத்தைக் காணிக்கைக்கு அடுத்தே வைக்கும் பதிப்பகங்களும் உண்டு. வாசகருக்கு அதுதான் வசதி. எப்படி வைத்தாலும் வெளியாளின் குரல் முன்னும் ஆசிரியரின் குரல் பின்னுமாக, அதாவது நூலுக்கு மிக அருகில் ஆசிரியர் இருக்கும்படி அடுக்குங்கள். வாழ்த்துரை இருந்தால் அணிந்துரைக்கு முன்.

அளவு: டெம்மி அளவில் சாதாரண எழுத்துருவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொற்கள் பிடிக்கும். அணிந்துரை 600 முதல் 800 சொற்கள், அதாவது மூன்று நான்கு பக்கம். என்னுரை இரண்டு மூன்று பக்கம். பதிப்புரை ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டிய காரணம் எதுவும் இல்லை. அச்சகக் கணக்கு 16 பக்கம் கொண்ட ஃபாரத்தில் ஓடுகிறது. முன்பக்கங்கள் 12இல் முடிகின்றனவா 18இல் முடிகின்றனவா என்பது கடைசி ஃபாரத்தில் எத்தனை வெற்றுப்பக்கம் விழும் என்பதைத் தீர்மானிக்கும்.

இங்கேதான் வழக்கமாகக் கோளாறு நடக்கிறது. அணிந்துரை தருபவர் தாமதிப்பார். பக்க வடிவமைப்பு முடிந்தபிறகு நான்கு பக்கம் வந்து சேரும், நூல் முழுக்கப் பக்க எண் நகரும், பொருளடக்கம் பொய்யாகும், சொல்லடைவு (சொற்களைப் பக்க எண்ணோடு தரும் கடைசிப் பட்டியல்) இருந்தால் அதுவும் போச்சு. தடுக்க இரண்டு வழி. முன்பக்கங்களுக்குப் பழைய நூல்களில்போல ரோமன் எண் போட்டு, நூலின் முதல் இயலை 1இலிருந்து தொடங்குவது ஒன்று. எத்தனை உரை வந்தாலும் உள்ளே எண் மாறாது. அல்லது வரப்போகும் உரைக்கு நான்கு பக்கம் காலியாக ஒதுக்கி, '800 சொற்களுக்குள் வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. அளவு சொல்வது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். பத்துப் பக்க உரையைப் பிறகு வெட்டுவதுதான் பெரிய மரியாதைக் குறைவு.

அணிந்துரை கேட்டு அனுப்பும்போது இறுதிப் படியையே அனுப்புங்கள். பாதிப் படியை அனுப்பினால், பிறகு நீக்கிய கதையைப் பாராட்டும் அணிந்துரை அச்சில் வந்துவிடும். பக்க எண் சுட்டி மேற்கோள் காட்ட வேண்டாம், இயல் பெயரால் சுட்டுங்கள் என்றும் ஒரு வரி எழுதலாம். நாவலென்றால் முடிவை வெளிப்படுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம்; வெளிப்படுத்தித்தான் பேச முடியும் என்றால் அந்த உரையை நூலின் பின்னால் 'பின்னுரை' என்று வைப்பது நல்லது. ஒவ்வொரு உரையின் அடியிலும் இடப்பக்கம் ஊரும் தேதியும், வலப்பக்கம் பெயரும் வரவேண்டும். திருவள்ளுவர் ஆண்டு போடுவோர் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுவார்கள். தை பிறப்பதற்கு முன்னுள்ள சனவரி நாள்களுக்கு 30 மட்டுமே. சனவரிப் புத்தகக் காட்சிக்காக அவசரமாக அச்சாகும் நூல்களில் இந்தப் பிழை தப்பாமல் வரும்.

எழுத்துப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். முகம் + உரை முகவுரை ஆகும். மகரம் கெட்டு வகரம் வரும். அதே விதியில் தொடக்கவுரை, அறிமுகவுரை. தலைமை + உரை தலைமையுரை, இங்கே யகரம். நூல் + முகம் நூன்முகம். லகரம் மகரத்தின் முன் னகரமாகும், 'நூல்முகம்' அல்ல. 'தொடக்க உரை', 'தலைமை உரை' என்று பிரித்து எழுதினால் குற்றமில்லை, ஆனால் ஒரே அழைப்பிதழில் ஒன்றைப் பிரித்தும் ஒன்றைச் சேர்த்தும் எழுதாதீர்கள்.

அழைப்பிதழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் விழா தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கும். இந்தக் கேள்விக்கு அதிலேயே ஒரு பொருத்தம் இருக்கிறது: 'நீராருங் கடலுடுத்த' என்பது பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) நாடகத்தின் பாயிரத்தில் வரும் தமிழ்த்தெய்வ வணக்கம். ஒரு நூலின் பாயிரப் பகுதி, சில வரிகள் நீக்கப்பட்டு, 1970இல் அரசு விழாக்களுக்கான வாழ்த்தாகி, 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாட 55 நொடி.

அதன்பின் வரவேற்புரை (விழா நடத்துபவர்), தலைமையுரை (கூட்டத் தலைவர்), நூல் வெளியீடு, முதற்படி பெறுதல், நூல் அறிமுகவுரை அல்லது ஆய்வுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை (நூலாசிரியர்), நன்றியுரை. தலைமையுரையும் சிறப்புரையும் ஒருவருக்கே வரக்கூடாது. 'அறிமுகவுரை' என்று மட்டும் போட்டால் நூலை அறிமுகம் செய்கிறாரா, விருந்தினரை அறிமுகம் செய்கிறாரா என்பது மேடையேறும்வரை அவருக்கே தெரியாது; 'நூல் அறிமுகம்' என்று போடுங்கள். தொடக்கவுரை கருத்தரங்குக்கு உரியது, அதைத் தொடங்கிவைப்பவர் ஆற்றுவது. கருத்தரங்கு ஏன் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்குவது நோக்கவுரை. நூல் வெளியீட்டில் இரண்டும் தேவையில்லை. இலங்கையில் அழைப்பிதழ் சற்று வேறுபடும்: மங்கல விளக்கேற்றலில் தொடங்கி, ஆசியுரை, வெளியீட்டுரை, நயவுரை போன்றவை இடம்பெறும், முதற்படியை 'முதற்பிரதி' என்பார்கள். நயவுரை என்ற சொல் தமிழ்நாட்டுக்கும் வந்தால் நன்றாக இருக்கும். நூலின் நயம் பேச வந்தவரை 'ஆய்வுரை' என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு, அவர் குறை சொன்னதும் முகம் வாடுவது குறையும்.

நேரத்தையும் உரையின் பெயரோடு சேர்த்தே திட்டமிடுங்கள். வரவேற்பு 5 நிமிடம், தலைமை 10, வெளியீடும் படமெடுப்பும் 10, ஆய்வுரை 20, நான்கு வாழ்த்துரைகள் தலா 5 என 20, சிறப்புரை 25, ஏற்புரை 10, நன்றி 5. மொத்தம் 105 நிமிடம்; இரண்டு மணி நேர அரங்க வாடகைக்குள் 15 நிமிடம் மிச்சம். வாழ்த்துரைக்கு எட்டுப்பேரைப் போட்டால் அந்த மிச்சமும் தீர்ந்து 5 நிமிடம் கூடுதலாகிவிடும். அப்போது அரங்கில் வெட்டுப்படுவது எப்போதும் ஏற்புரைதான், ஏனென்றால் அது கடைசிக்கு முந்தையது, பேசுபவரும் மறுப்புச் சொல்ல முடியாத நூலாசிரியர்.